விலை சொல்பவர் யார்? மயிலிட்டித் துறையும் மீன் வணிகத்தின் முகாமைத்துவமும்

ஒரு நிறுவனம் எந்த வேலையைத் தானே செய்ய வேண்டும், எதைச் சந்தையில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கேள்வியிலிருந்தே வணிக உத்தி தொடங்குகிறது. பிரித்தானியப் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் 1937இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு விடை தேடினார். விலை பேசுவதற்கும், நம்பகமான ஆளைத் தேடுவதற்கும், சொன்ன சொல்லைக் காப்பாற்ற வைப்பதற்கும் செலவு உண்டு. அந்தச் செலவு மிகும் இடத்தில் மனிதர்கள் ஒரு நிறுவனமாகச் சேர்ந்து, வேலையைத் தங்கள் கைக்குள் கொண்டுவருகிறார்கள் என்பது அவர் கண்ட விடை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், 1985இல், ஹாவர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் அதே விடயத்தை முகாமையாளர்களுக்கு ஏற்றபடி விரித்தார். மூலப்பொருள் வாங்குவது முதல் வாடிக்கையாளர் கையில் பொருள் சேர்வது வரையுள்ள வேலைகளை அவர் பெறுமதிச் சங்கிலி என்றார். இலாபம் அந்தச் சங்கிலியின் எல்லாக் கண்ணிகளிலும் சமமாகத் தங்குவதில்லை. எந்தக் கண்ணியில் தங்குகிறது, ஏன் அங்கே தங்குகிறது என்று கண்டுபிடிப்பது உத்தி வகுப்பவரின் முதல் வேலை.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் உள்ள மயிலிட்டி இந்தக் கேள்வியைப் படிக்க மிக நல்ல இடம். 1990 வரை இலங்கையின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைகளில் அது ஒன்று. பாக்கு நீரிணையும் வங்கக் கடலும் சந்திக்கும் பகுதி, அருகே பேதுரு கடல்மேடை, ஆழமான துறை, கொழும்புக்கு நேரே போகும் புகையிரதப் பாதையின் கடைசி நிலையம் சில மைல் தூரத்தில். இத்தனையும் ஓர் இடத்தில் கூடிவருவது அரிது. 1980களின் தொடக்கத்தில் நாட்டின் கடல்மீன் உற்பத்தியில் ஏறத்தாழ கால்பங்கு யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து வந்தது. அந்த மாவட்டத்தின் முன்னணித் துறைகளில் மயிலிட்டிக்கு நிலையான இடம் இருந்தது. அறக்குளா, பாரை, சூரை, சுறா, திருக்கை என்று பெரிய மீன்கள் ஐஸ் போட்டுப் பெட்டிகளில் தெற்கே போயின.

1990 யூன் மாதம் போரால் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. துறையும் நிலமும் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 2017 யூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதைச் சூழ்ந்த 54 ஏக்கர் காணியும் விடுவிக்கப்படும் வரை 27 ஆண்டுகள் அங்கே ஊரவர் வள்ளம் இறக்கவில்லை. இழப்பைக் கணக்கிடுபவர்கள் படகுகளையும் வலைகளையும் வீடுகளையும் எண்ணுகிறார்கள். வணிகக் கண்ணுக்கு அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று தெரியும். எந்த முதலாளி சொன்ன விலைக்குக் காசு தருவார், எந்த லொறி நேரத்துக்கு வரும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்ற அறிவும், பல பத்தாண்டுகளில் வளர்ந்த நம்பிக்கையும் சிதறிப்போயின. எந்த நட்டஈட்டுப் பட்டியலிலும் அவற்றுக்கு ஒரு நிரல் இல்லை.

காத்திருக்க முடியாத சரக்கு

மீன் வணிகத்தின் எல்லா உத்தியும் ஒரே ஓர் இயற்கை உண்மையில் தொடங்குகிறது. பிடித்த மீன் காத்திருக்காது. யாழ்ப்பாணத்து வெயிலில் ஐஸ் இல்லாத மீன் சில மணி நேரத்தில் தரம் இழக்கும். நன்றாக ஐஸ் இட்டால் சூடை போன்ற சிறுமீன் சில நாட்கள் தாங்கும். பெரிய மீன்கள் இரண்டு வாரம் வரைகூடத் தாங்கும். வெப்பநாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது தொழிலில் உள்ள பொதுக்கணக்கு. சூரை, கும்பளா போன்ற இனங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர் குறைந்தால் பக்டீரியாக்கள் அந்த மீனின் தசையில் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. ஒருமுறை உண்டாகிவிட்டால் சமைத்தாலும் அது அழியாது. உண்பவருக்கு ஒவ்வாமை போன்ற நோய் வரும். ஐரோப்பிய ஒன்றியம் சோதிக்கும் மாதிரிகளில் சராசரியாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருந்தால் அந்த மீனை ஏற்பதில்லை. ஆகவே ஏற்றுமதி விலை கரையில் தீர்மானிக்கப்படுவதற்கு முன்பே, வலையிலிருந்து மீன் கழற்றப்பட்ட முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

விற்பவர் காத்திருக்க முடியாதபோது விலையை வாங்குபவர் சொல்கிறார். காலையில் படகுகள் கரைதட்டுகின்றன; மீன் குவிக்கப்படுகிறது; ஏலம் கூறப்படுகிறது. ஏலம் என்பது பார்ப்பதற்கு மிக நேர்மையான விற்பனை முறை. பலர் போட்டியிட, கூடிய விலை கேட்டவருக்குச் சரக்கு. ஆனால் அந்தப் போட்டி எத்தனை பேருக்கிடையே நடக்கிறது என்பதே முக்கியம். வாங்க வந்தவர்கள் நான்கைந்து பேராக இருந்து, அவர்களும் ஒருவரையொருவர் நாளாந்தம் சந்திப்பவர்களாக இருந்தால், ஏலம் பெயருக்குத்தான். கடன் இந்த நிலையை இன்னும் இறுக்குகிறது. இயந்திரம் பழுதானபோதும், வலை கிழிந்தபோதும், வாடைக்காற்றில் தொழில் இல்லாத மாதங்களிலும் முற்பணம் தந்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டு தெற்காசியக் கரைகள் எங்கும் காணப்படுகிறது. கடனுக்கு வட்டி என்று எதுவும் எழுதப்படுவதில்லை. வட்டி கிலோவுக்குக் குறைத்துக் கேட்கும் விலையிலும், நிறுவையில் எடுக்கும் கழிவிலும் ஒளிந்திருக்கிறது.

வியாபாரியைக் கெட்டவராக்கிப் பார்ப்பதால் இதில் எதுவும் விளங்காது. அவர் ஐஸ் வாங்குகிறார், லொறி பிடிக்கிறார், கொழும்பை அடுத்த பேலியகொடை மத்திய சந்தையில் விலை விழுந்தால் நட்டத்தைச் சுமக்கிறார், வங்கி திரும்பிப் பாராத குடும்பத்துக்கு ஓர் இரவில் காசு கொடுக்கிறார். சங்கிலியில் வேறு யாரும் ஏற்காத வேலைகளை அவர் ஏற்றிருக்கிறார். அதனால் இலாபம் அவரிடம் தங்குகிறது. அந்த இலாபத்தில் பங்கு வேண்டுமென்றால் அந்த வேலைகளில் ஒன்றையாவது கடற்றொழிலாளர்கள் தாங்களே எடுத்துச் செய்ய வேண்டும்.

நேரத்தை வாங்குவதற்கு இந்தக் கரை கண்ட மிகப் பழைய வழி கருவாடு. உப்பும் வெயிலும் நாட்களில் அளக்கப்படும் சரக்கை மாதங்களில் அளக்கப்படும் சரக்காக மாற்றுகின்றன. வடகரையில் அந்த வேலையில் பெரும்பகுதியைப் பெண்கள் செய்து வந்திருக்கிறார்கள். மீன் மலிந்த நாளில் விற்காமல் உலர்த்தி, விலை ஏறும் நாளுக்குக் காத்திருப்பது முழுமையான இருப்பு முகாமைத்துவம். அதை அந்தப் பெயரில் யாரும் மதிக்காதது வருத்தத்துக்குரியது.

பக்கத்து ஊரின் சீமெந்து

காத்திருக்கக்கூடிய சரக்கின் வணிகம் எப்படி நடக்கும் என்பதற்கு மயிலிட்டிக்கு மேற்கே, காங்கேசன்துறையில் ஒரு சான்று இருந்தது. 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய காங்கேசன் சீமெந்துத் தொழிற்சாலை இலங்கையின் முதல் சீமெந்து ஆலை. சீமெந்தின் இடைநிலைப் பொருளான கிளிங்கர் ஒரு தொன் செய்ய ஒன்றரைத் தொன் அளவில் சுண்ணாம்புக்கல் வேண்டும். எடை குறையும் மூலப்பொருளுக்கு அருகில் ஆலையை வைப்பதே மலிவு. வலிகாமம் வடக்கின் நிலத்தடி முழுவதும் சுண்ணாம்புக்கல். களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்தது. வெந்த கிளிங்கரைக் குவித்து வைக்கலாம், கப்பலில் ஏற்றிக் காலியில் அரைக்கலாம், தேவை வரும்போது விற்கலாம். அரசுக் கூட்டுத்தாபனமாக இருந்ததால் விலைக்கு ஏலமும் இல்லை.

இந்தத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு மாதச் சம்பளம் என்ற ஒன்றைத் தந்தது. அதே வேளை, ஒரே இடம், ஒரே கல்வயல், ஒரே துறைமுகம் என்ற அமைப்பின் ஆபத்தும் அதில் இருந்தது. 1990இல் போர் அதை மூடியது. பிறகு அது திறக்கவே இல்லை. கடலோரத்தில் தோண்டிய கற்குழிகள் நன்னீரில் உவர் கலப்பது பற்றிய கவலையை இன்றும் விட்டுவைத்திருக்கின்றன. அந்தச் செலவு ஆலையின் இலாபநட்டக் கணக்கில் எந்த ஆண்டும் ஏறவில்லை.

சுப்பர் மார்க்கெட்டின் கணக்கு

சில்லறை வணிகத்தில் காத்திருப்பின் பயனை மிக நுட்பமாகப் பயன்படுத்துவது சுப்பர் மார்க்கெட். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு இதை விளக்கும். ஒரு கடை நாளொன்றுக்கு ஓர் இலட்சம் ரூபாய் கொள்விலையுள்ள சரக்கை விற்கிறது. சரக்கு சராசரியாக 10 நாள் தட்டில் இருக்கிறது. வழங்குநருக்கு 30 நாள் கழித்துப் பணம் கொடுக்கிறது. வாடிக்கையாளர் காசைப் பத்தாம் நாளே கொடுத்துவிட்டார். மீதி 20 நாளும் அந்தப் பணம் கடையின் கையில். எந்நேரமும் 20 இலட்சம் ரூபாய் பிறர் பணம் வட்டியின்றிச் சுழல்கிறது. அடுத்த கிளை அந்தப் பணத்திலும் எழலாம். உலகெங்கும் பெரிய சில்லறைச் சங்கிலிகளின் பலத்தில் ஒரு பகுதி இதுவே. மீனவரின் கணக்கு நேர் எதிர். எரிபொருளுக்கும் ஐஸுக்கும் முதலிலேயே காசு. மீனுக்கு வியாபாரி தரும் நாளில்தான் காசு.

இலங்கையில் இந்தத் துறையின் மூத்த நிறுவனம் கார்கில்ஸ். 1844இல் தொடங்கி, வெள்ளைக்காரத் துரைமாரின் பண்டகசாலையாக நெடுங்காலம் இருந்த அது, 1983இல் கொழும்பில் தன் முதல் சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. அதன் வரலாற்றில் உத்தி என்ற சொல்லுக்குத் தகுதியான முடிவு 1999இல் எடுக்கப்பட்டது. நுவரெலியா மாவட்டத்து ஹங்குரன்கெத்தவில் ஒரு சேகரிப்பு நிலையம் திறந்து, மரக்கறியை விவசாயியிடம் நேரடியாக வாங்கத் தொடங்கியது. அதுவரை மரக்கறி பல கைகள் மாறி, சாக்குகளில் நசுங்கி வந்தது; நாட்டில் மரக்கறி, பழ அறுவடையில் 30 முதல் 40 வீதம் கடைக்கு வருமுன் வீணாகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்கி, தரம் பிரித்து, தன் லொறியில் கொண்டுவந்தபோது வீணாகும் அளவு பெரிதும் குறைந்தது. வீணாகாத சரக்கே அந்த முடிவின் இலாபம். விவசாயிக்குச் சற்றுக் கூட்டிக் கொடுத்து, வாடிக்கையாளரிடம் சற்றுக் குறைத்து வாங்கினாலும் கம்பனிக்கு மிச்சம் நின்றது.

இதை வெறும் நல்லெண்ணமாக எடுத்துக்கொள்வது தவறு. வெறும் சுரண்டலாக எடுத்துக்கொள்வதும் தவறு. நிறுவனம் சங்கிலியில் ஒரு புதிய கண்ணியைக் கையிலெடுத்தது. அந்தக் கண்ணியில் இருந்த வீண்செலவை இலாபமாக்கியது. விவசாயிக்கு அன்றாடம் தெரிந்த ஒரு விலை கிடைத்தது. ஆனால் அந்த நிலையத்துக்கு அருகில் வேறு வாங்குபவர் இல்லாத இடத்தில், நாளை விலை குறைந்தால் விவசாயிக்குப் போக்கிடம் இல்லை. 2013இல் யாழ்ப்பாண வைத்தியசாலை வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தது. போருக்குப் பின் வடக்குக்கு வந்த பெரு வணிகத்தின் அடையாளமாக அந்தக் கட்டடம் நிற்கிறது. அதன் தட்டுகளில் வடக்கின் விளைச்சலுக்கும் மீனுக்கும் எவ்வளவு இடம், எந்த விலையில் என்பது பேரம் பேசும் பலத்தைப் பொறுத்தது. தனித்தனியே பெட்டியோடு போகும் சம்மாட்டிக்கு (படகு உரிமையாளருக்கு) அந்தப் பலம் இல்லை. தரம் பிரித்து, நிறுத்து, நாளாந்தம் உறுதியாக இத்தனை கிலோ என்று எழுதிக் கொடுக்கும் ஒரு சங்கத்துக்கு இருக்கும்.

இரண்டு எசமானர்களின் கூட்டுத்தாபனம்

அரசு இந்தச் சங்கிலிக்குள் நேரடியாக இறங்கியதும் உண்டு. இலங்கைக் கடற்றொழில் கூட்டுத்தாபனம் 1964இல் அமைக்கப்பட்டது. மீனவரிடம் நியாய விலைக்கு வாங்கி, நுகர்வோருக்கு நியாய விலைக்கு விற்பது அதன் நோக்கம். கேட்க நன்றாக இருக்கும் இந்த நோக்கம் முகாமையாளரைத் தீராத சிக்கலில் மாட்டுகிறது. மீன் மலிந்த நாளில் மீனவருக்காகக் கூட்டி வாங்கச் சொல்வார்கள்; பண்டிகை நாளில் நுகர்வோருக்காகக் குறைத்து விற்கச் சொல்வார்கள். இரண்டையும் செய்தால் நட்டம். நட்டத்தைத் திறைசேரி நிரப்பினால், எந்த முகாமையாளர் திறமையாக நடத்தினார், எவர் வீணடித்தார் என்று கணக்கில் கண்டுபிடிக்க முடியாது. இரு நோக்கங்களில் எதற்கு முன்னுரிமை, எவ்வளவு மானியம், எந்த நாட்களில் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் அந்த நிறுவனம் அளக்கக்கூடியதாகும்.

யாழ்ப்பாணத்துக்குள்ளேயே இன்னொரு முயற்சி நடந்தது. 1967இல் நோர்வேக்காரரான ஆர்னே பியூர்டொப்டின் முன்முயற்சியில் சீநோர் அமைப்பு உருவானது. காரைநகரில் படகு கட்டும் தளம், குருநகரில் வலைத் தொழிற்சாலை என்று சங்கிலியின் முன்பக்கக் கண்ணிகளை உள்ளூரிலேயே செய்ய அது முயன்றது. சேர்த்துப் பார்த்தால் அது அறிவுள்ள தேர்வு: படகும் வலையும் வெளியிலிருந்து வந்தால் விலையும் தவணையும் வெளியார் கையில். நாளடைவில் சீநோர் அரசின் கீழுள்ள நிறுவனமானது. அதன் தொடக்க எண்ணத்தை, அதாவது உள்ளீடுகளின் விலையைத் தொழிலாளர் பக்கம் கொண்டுவருவதை, இன்றைய திட்டங்கள் போதிய அளவு நினைப்பதில்லை.

உள்ளீட்டு விலை என்ன செய்யும் என்பதை 2022 காட்டியது. அந்த ஆண்டு ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறுபடகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு பயணத்துக்கு 40 லீற்றர் என்று வைத்தால், 3,480 ரூபாயாக இருந்த செலவு ஒரே நாளில் 13,600 ரூபாய். மீன் கிடைக்குமோ என்ற ஐயம் உள்ள நாளில் கடலுக்குப் போவதே சூதாட்டமாகிவிட்டது. ஒரு பெரிய கம்பனி இத்தகைய அதிர்ச்சியை முன்கொள்வனவாலோ, விலையை மாற்றியோ தாங்கும். தனிப்படகுக்கு அந்த வழிகள் அடைபட்டிருந்தன.

கேரளத்திலிருந்தும் குமரியிலிருந்தும்

கரையில் வாங்குபவரே விலை சொல்லும் பிரச்சினைக்கு ஆராயப்பட்ட, அளக்கப்பட்ட தீர்வுகள் கடலுக்கு அக்கரையில் உள்ளன. வட கேரளத்தில் 1997 முதல் 2001 வரை கைத்தொலைபேசிச் சேவை கரையோரமாகப் பரவியது. பொருளியலாளர் ரொபர்ட் ஜென்சன் அந்தக் காலத்தில் மத்தி மீன் விற்கும் கரைச் சந்தைகளில் விலைகளைத் தொடர்ந்து பதிந்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டார். தொலைபேசிக்கு முன், ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீன் கடலில் கொட்டப்பட்ட அதே காலையில், சில மைல் தூரத்தில் வியாபாரிகள் மீனின்றிக் காத்திருந்தார்கள். ஐந்து முதல் எட்டு வீத மீன் இவ்வாறு வீணானது. படகிலிருந்தே விலை கேட்க முடிந்தபின் இந்த வீணடிப்பு ஏறக்குறைய இல்லாமலே போனது. கரைக்குக் கரை விலை வேறுபாடு சுருங்கியது. மீனவர் இலாபம் சராசரியாக 8 வீதம் கூடியது. நுகர்வோர் விலை 4 வீதம் குறைந்தது. இருபுறமும் நன்மை பெற்ற இத்தகைய முடிவு பொருளியல் ஆய்வுகளில் அடிக்கடி கிடைப்பதில்லை.

ஆனால் தகவல் கையிலிருந்தாலும் கடன் கட்டியிருந்தால் வேறு கரைக்கு மீனைக் கொண்டுபோக முடியாது. அந்தக் கட்டை அவிழ்க்கும் அமைப்பு திருவனந்தபுரம் அருகே மரியநாடு என்ற மீனவக் கிராமத்தில் 1970 அளவில் பிறந்தது. அங்கே கூட்டுறவுச் சங்கம் ஏலத்தைத் தன் கையில் எடுத்தது. இந்த முறையைப் பின்பற்றிய கிராமச் சங்கங்கள் 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் மீனவக் கிராமங்களிலும் அது வேரூன்றியது.

அதன் செயல்முறை எளிது. ஏலம் கூறுபவர் சங்கத்தின் ஊழியர். வாங்கும் வியாபாரி சங்கத்துக்குப் பணம் கட்டக் கடமைப்பட்டவர். மீனவருக்குரிய பணத்தைச் சங்கம் தருகிறது. ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு குறித்த வீதம் பிடிக்கப்பட்டு, அதில் ஒரு பங்கு சங்கச் செலவுக்கும், ஒரு பங்கு உறுப்பினரின் சேமிப்புக்கும், மீதி கடன் அடைப்பதற்கும் போகிறது. இந்தக் கடைசி அம்சத்தில்தான் வடிவமைத்தவர்களின் கூர்மை தெரிகிறது. தவணை என்பது மாதத்துக்கு இத்தனை ரூபாய் அல்ல; பிடித்த மீனில் ஒரு வீதம். மீன் மிகுந்த நாளில் கடன் வேகமாக அடையும், வெறும் வலையோடு வந்த நாளில் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொருவரின் பிடியும் விற்பனையும் சங்கப் பதிவேட்டில் இருப்பதால், அடகு வைக்க நிலம் இல்லாதவருக்கும் வங்கி கடன் கொடுக்க ஓர் ஆதாரம் கிடைக்கிறது. பின்னர் அந்தக் கூட்டமைப்பு ஒட்டுப்பலகைப் படகு கட்டும் தளங்களையும் நடத்தியது. கோஸ் கேட்ட கேள்விக்குக் கிராமத்தவர்களே எழுதிய விடை என்று இதைச் சொல்லலாம். எல்லாவற்றையும் அவர்கள் கையிலெடுக்கவில்லை. தூரத்துச் சந்தைக்கு மீன் கொண்டுபோகும் வேலையை வியாபாரியிடமே விட்டு, விலை தீர்மானமாகும் முதல் விற்பனையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துக்குக் கூட்டுறவு புதிதல்ல. இலங்கையில் கூட்டுறவுச் சட்டம் 1911இலேயே வந்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் 1957இல் உருவாகி, போர்க்காலத் தடைகளின்போது குடாநாட்டு வீடுகளுக்கு அரிசியும் மாவும் சேர்த்தவை. கடற்றொழிலாளர் சங்கங்களும் ஊர்தோறும் உண்டு. ஆனால் அவற்றில் பல நிவாரணம் பகிர்வதையும், அனுமதிப்பத்திரக் கடிதம் எழுதுவதையும், உரிமைக்குக் குரல் கொடுப்பதையும் முதன்மை வேலையாகக் கொண்டுவிட்டன. போர்க்காலத்தில் அது தேவையாக இருந்தது. வணிகம் செய்யும் சங்கத்துக்கு வேறு திறமைகள் வேண்டும்: நாள்முடிவில் கணக்கு முடிப்பவர், ஐஸ் இயந்திரத்தைப் பராமரிப்பவர், பத்து வாங்குபவர்களோடு தொலைபேசியில் பேசி விலை எடுப்பவர். இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கச் சங்கங்கள் தயங்குகின்றன. தலைவரும் செயலாளரும் தொண்டாகவே எல்லாம் செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நல்ல நோக்கமுள்ள பல சங்கங்களைச் சோர்வடைய வைத்திருக்கிறது.

ஒரே சந்தையை நம்பியிருத்தல்

இலங்கையின் பெரும்பாலான துறைகளிலிருந்து போகும் மீனுக்குக் கொழும்பை அடுத்த பேலியகொடை மத்திய சந்தையே விலை நிர்ணயிக்கும் இடம். 2020 ஒக்டோபரில் அங்கே கொவிட் தொற்றுக் கொத்தணி உருவாகி, சந்தை மூடப்பட்டது. உடனே நாடெங்கும் துறைகளில் மீன் விலை சரிந்தது. கடலிலிருந்து திரும்பிய படகுகளின் மீனை வாங்க ஆளில்லை. சரக்கு இருந்தது, உண்பவர்களும் இருந்தார்கள்; இடையில் ஒரு வாசல் மூடிக்கொண்டது. கம்பனி முகாமையாளர் எவரும் தன் விற்பனை முழுவதும் ஒரே வாடிக்கையாளரிடம் தங்கியிருப்பதை இயக்குநர் சபைக்குப் பேராபத்தாக அறிக்கையிடுவார். ஒரு துறைமுகத்துக்கும் அதே அளவுகோல் பொருந்தும். குடாநாட்டின் சொந்த நுகர்வு, யாழ். நகரக் கடைகள், விடுதிகள், கருவாட்டுச் சந்தை, ஏற்றுமதி ஆலைகள் என்று பல வாசல்கள் வேண்டும். எதுவும் முழுப் பிடியையும் வாங்காமலிருப்பதே பாதுகாப்பு.

ஏற்றுமதி என்ற வாசலுக்கு வேறு ஒழுங்கும் தேவை. படகுகளின் மீன்பிடியைச் சரியாகப் பதிவதிலும் கண்காணிப்பதிலும் குறை கண்ட ஐரோப்பிய ஒன்றியம், 2015 சனவரியில் இலங்கை மீன் இறக்குமதியைத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு தடை நீங்கியது. ஆழ்கடல் படகுகளின் பதிவுக் குறிப்பு ஒழுங்கீனத்தின் விலையை, தவறு செய்யாத ஆலைத் தொழிலாளரும் சேர்ந்து கட்டினார்கள். மயிலிட்டி மீன் வெளிநாட்டு மேசைக்குப் போக வேண்டுமானால், எந்தப் படகு, எந்த நாள், எந்தக் கடல், எவ்வளவு என்ற விபரம் ஒவ்வொரு பெட்டியோடும் போக வேண்டும்.

கொங்கிறீட்டுக்குப் பிறகு

விடுவிப்புக்குப் பின் மயிலிட்டித் துறைமுகப் புனரமைப்பு 2018இல் தொடங்கியது. முதற்கட்டம் 2019 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மூன்றாம் கட்டப் பணிகளைத் தொடக்கி வைத்தார். அணைக்கரை, இறங்குதுறை, ஏல மண்டபம் என்று கட்டுமானம் வளர்வது வரவேற்க வேண்டியது. துறைமுகமே இல்லாத இடத்தில் எந்த முகாமைத்துவத்தைப் பற்றியும் பேச முடியாது.

துறைமுகத்துக்குள் இன்று இருக்கும் மிக அரிய வளம் நீர்ப்பரப்பு. எல்லை தாண்டிப் பிடிபட்ட இந்திய இழுவைப் படகுகள் மயிலிட்டியில் கட்டிவைக்கப்பட்டன. வழக்கு முடியும் வரை நகராத அந்தப் படகுகள், நாளாந்தம் தொழிலுக்குப் போய்வரும் படகுகளின் இடத்தை எடுத்துக்கொண்டன. கடலடி இழுவைமடியை இலங்கை 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் முற்றாகத் தடைசெய்தது; மீன்குஞ்சும் பவளப்பாறையும் அழியாமல் இருப்பது இந்தத் துறையின் நாளைய சரக்கைக் காப்பது. அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் செலவை மயிலிட்டித் தொழிலாளர் இடநெருக்கடியாகக் கட்டுவது நியாயமில்லை. பிடிபட்ட படகுகளுக்கு வேறு இடம் ஒதுக்குவது துறைமுக நிருவாகம் எடுக்கக்கூடிய மிக மலிவான உற்பத்தி முடிவு.

அடுத்துத் தீர்க்க வேண்டியது ஐஸ் யார் கையில் என்பது. ஐஸ் ஆலையைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடலாம், கூட்டுத்தாபனம் நடத்தலாம், அல்லது கடற்றொழிலாளர் சங்கம் நடத்தலாம். மீன் வாங்கும் வியாபாரியின் கைக்கே ஐஸும் போனால் காத்திருக்கும் பலம் முழுவதும் ஒரு பக்கத்தில் சேர்ந்துவிடும். ஆகவே குத்தகை உடன்படிக்கையில், ஐஸ் விற்பவர் அதே துறையில் மீன் வாங்கக் கூடாது என்ற ஒரு நிபந்தனையாவது வேண்டும். சங்கம் நடத்துவதானால் மின்கட்டணத்துக்கும் இயந்திரத் தேய்மானத்துக்கும் ஐஸ் விலையிலேயே ஒதுக்க வேண்டும். உறுப்பினர் மனம் நோகாதிருக்க ஐஸை அடக்கவிலைக்குக் கீழே விற்ற ஆலைகள் முதல் பெரிய பழுதோடு நின்றுபோயிருக்கின்றன.

ஏல மண்டபத்தின் திறப்பு யாரிடம் என்பதும் அதே போன்றது. கட்டடம் கூட்டுத்தாபனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். ஏலம் கூறும் உரிமை, நிறுவைத் தராசு, நாளாந்த விலைப்பதிவு ஆகிய மூன்றும் சங்கத்திடம் இருக்க இயலும். முதல் ஓராண்டுக்குப் பிடியின் ஒரு பகுதியை மட்டும் சங்க ஏலத்துக்குக் கொண்டுவந்து, மீதியைப் பழைய வியாபாரிகளிடமே விடுவது நடைமுறைக்கு ஏற்றது. முற்பணக் கடனில் இருப்பவர் ஒரே நாளில் வெளியே வர முடியாது. அந்தக் கடனைச் சங்கமோ வங்கியோ ஏற்று, பிடியின் வீதத்தில் திரும்ப அறவிடும் ஏற்பாடு முதலில் வேண்டும். மயிலிட்டியில் மீளக்குடியேறிய குடும்பங்களில் பல, வீடும் படகும் ஒரே நேரத்தில் புதிதாக வாங்க வேண்டியிருந்தவை. அவர்களின் கடன்சுமை மற்றத் துறைகளைவிடக் கூடுதலாக இருக்கும் என்பதால், வீத முறைத் தவணையை இலங்கையில் முதலில் சோதித்துப் பார்க்க இந்தத் துறை மிகப் பொருத்தமானது.